செவ்வாய்க்கிழமை வரைக்கும்

அந்த அருவிப் படத்தை உங்களில் யாராவது மறந்திருப்பீர்களா? வீரபாண்டியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் என்னோடு கல்லா மண்ணா விளையாடிய அத்தனை பேரையும்தான் கேட்கிறேன். இன்றைக்கு நமக்குக் காதோரம் நரைத்துவிட்டது. மாடிப்படி ஏறினால் முட்டி பேசுகிறது. ஒருவருக்கொருவர் போன் செய்தால் பிள்ளைகளின் மார்க்கும் நம்முடைய சர்க்கரை அளவும்தான் பேச்சு. ஆனாலும் கண்ணை மூடினால் அந்த அருவி ஓடுகிறதா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள்.

சுவரில் மாட்டிய ஒரு கண்ணாடிப் பெட்டிதான் அது. பிளக்கைச் செருகினால் உள்ளே விளக்கு எரியும். பச்சை மலையிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருப்பதுபோலத் தெரியும். எங்கிருந்தோ ஒரு குருவி விடாமல் கத்தும். குடிக்கிற தண்ணீர் எப்போது வரும் என்று குழாயின் வாயையே பார்த்துக் கிடந்த ஊரில், எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் நாள் முழுக்க அருவி. நீங்களெல்லாம் வாசற்படியில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தீர்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அதைப் பொருட்காட்சியிலிருந்து வாங்கி வந்தது என் சித்தி. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. நாங்கள் தெற்கே தேரிக்காட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சித்தி எங்களோடு இருந்துகொண்டு அதே கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் தைத்தாள். சித்தப்பா என்று ஒருவர் உண்டு. பம்பாய்க்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். எனக்கு அதையெல்லாம் சொல்வார்களா? "சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கலட்டி" என்றுதான் அம்மா சொல்வாள். இத்தனை வருடமாக லீவே கொடுக்காத கம்பெனி எதுவென்று நானும் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்த சித்தி வேறு. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு கடைவீதிக்கு ஓடுகிற சித்தி. குதிகால் உயர்ந்த செருப்பு, மீன் வடிவச் சுவர்க் கடிகாரம், பாட்டுப் பாடும் சாவிக்கொத்து, முகம் வெளுக்கிற களிம்பு, வளையல், சினிமா, பாப்கார்ன், திரும்பவும் வளையல். எல்லாவற்றிலும் எனக்கு ஒரு பங்கு இருக்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நடந்தபோது உலகத்திலேயே பெரிய ஆள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிரிப்பாள். திங்கட்கிழமையும் அந்தச் சிரிப்பில் மிச்சம் இருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்தால் முகம் அணைந்திருக்கும். புதுச் செருப்பைக் காலாலேயே மூலைக்குத் தள்ளுவாள். "சவத்தத் தூரப் போடு" என்பாள். சோற்றில் நாலு உருண்டை உருட்டிவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள். இது வாரம் தவறாமல் நடந்ததால், எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை என்றாலே வேறு அர்த்தமாகிவிட்டது. நான் புதுப் பென்சில் டப்பா கேட்டு அடம்பிடித்தால், "வாங்கித் தாரேன், செவ்வாக்கிழமை வரைக்கும் ஆசை இருக்குமா?" என்று அப்பா கேலி செய்வார். சித்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி.வி. ஓடாமல் அவளுக்குத் தூக்கம் வராது. என்ன படம் ஓடுகிறது என்றுகூடப் பார்க்க மாட்டாள், சத்தம் இருந்தால் போதும். ஒரே அறை வீடு. அப்பா புரண்டு புரண்டு படுத்துப் பல்லைக் கடிப்பார். "ஆட்டக்காரி, மூதி, எந்நேரமும் கூத்தும் பாட்டும்தான்" என்று அம்மா முனகுவாள். அவள் ஆட்டத்தில் மயங்கிக் கிடக்கிறாள் என்றுதான் பெரியவர்கள் நினைத்தார்கள். அமைதியாக இருந்தால் அவள் மனசு என்னென்ன பேசும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கே அது என் முப்பது வயதுக்குமேல்தான் விளங்கியது.

அருவிப் படமும் ஒரு செவ்வாய்க்கிழமைதான் நின்றது. படக்கென்று ஒரு சத்தம், லைன் முழுக்க இருட்டு, குருவி பாதிக் கத்தலில் ஊமையாயிற்று. "பீஸ் போயிருச்சு!" என்று நாமெல்லாம் கத்தினோம். நம் ஊரில் அந்த ஒரு சொல்லுக்குத்தான் எத்தனை வேலை! கரண்டு போனாலும் பீஸ். பள்ளிக்கூடத்தில் கட்டச் சொல்வதும் பீஸ். கம்பெனியில் தைக்கிற ஒவ்வொரு சட்டையும் பீஸ். பீஸ் ரேட்டுக்குத் தைத்து, பீஸ் கட்டி, பீஸ் போட்டு வாழ்ந்தோம். இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டென்று நம்மில் யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் ஆடியில்தான் எல்லாம் நடந்தது. வெள்ளைக்காரனுடைய கிறிஸ்துமஸ் நமக்கு எப்போதும் ஆடி மாதமே வந்துவிடும், நினைவிருக்கிறதா? அவன் மார்கழிக் குளிருக்குப் போடுகிற சட்டையை நாம் ஆடிக் காற்றில் தைத்து அனுப்ப வேண்டும். அந்த ஆர்டர் முழுக்க இரத்தச் சிவப்புத் துணி. கம்பெனிக்குள்ளிருந்து சிவப்புப் பஞ்சு பறந்து தெருவெல்லாம் மிதந்தது. இட்லி மேல் சிவப்பு, கொடியில் காய்ந்த பள்ளிக்கூடச் சட்டையில் சிவப்பு, தூங்கி எழுந்தால் கண்ணிமையில் சிவப்பு. காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது, சாயங்கால வெயிலில் அந்தப் பஞ்சு மெல்ல மெல்ல இறங்கி வரும். நாம் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். சித்தி வேலை விட்டு வரும்போது தலை, புருவம், தோள் எல்லாம் சிவந்திருப்பாள். அவளைத் தட்டிவிடுவதுதான் எனக்குச் சாயங்கால வேலை.

அச்சு கெட்டுப்போன சட்டை முன்பக்கத் துண்டு ஒன்றை, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கக் கரித்துணியாக இருக்கட்டும் என்று ஒருநாள் கொண்டுவந்தாள். அதில் வெள்ளை எழுத்து.

"ஏட்டி, இங்கிலீஷ் மீடியம், இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசி."

நான் எழுத்துக் கூட்டி, "பீஸ்" என்றேன்.

சித்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அத்தான், கேட்டியளா? சட்டையில போயி பீஸுன்னு எழுதியிருக்கான்! சோத்துப் பானையில சோத்துப் பானைன்னு எழுதுன மாதிரி!"

"மேல்நாட்டான் எல்லாத்துக்கும் பேரு எழுதி ஒட்டுவான். ஒழுங்கு தெரிஞ்சவன்" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அந்தத் துணியைப் பிடித்துத்தான் அம்மா குழம்புச் சட்டியை இறக்கினாள். பொங்கி வழிந்த பாலைத் துடைத்தாள்.

அதே மாதத்தில் நம் லைன் வாசலில் ஒரு ஜெபக்கூட்டம் நடந்தது. வீட்டுக்கார அம்மா நம் கோயிலைச் சேர்ந்தவர் இல்லை. ஆனாலும் "உங்க சாமிய நீங்க கும்புடறீங்க, இதுக்கென்னங்க கேக்கோணும்" என்று வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார். பெட்டி அட்டைகளைப் பிரித்து விரித்து உட்கார்ந்தோம். புதிதாக வந்திருந்த ஊழியக்காரத் தம்பி பேச எழுந்தார். மீசை அரும்பிய முகம், புதுச் செருப்பு. வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ்.

உச்சி வெயிலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்த ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். மற்றப் பெண்கள் வராத நேரமாகப் பார்த்து வருகிறவள். கலியாணங்கள் கைகூடாதவள். எத்தனை தரம் மொண்டாலும் திரும்பவும் தாகம். கிணற்றடியில் இயேசு அவளிடம் பேசியதும் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாளாம். குடத்தை விட்டுவிட்டு வந்தால் நம் அம்மாக்கள் முதுகுத் தோலை உரித்துவிடுவார்களே என்று நான் பயந்தது நன்றாக நினைவிருக்கிறது. சித்தியும் கம்பெனியில் சாப்பாட்டுக்கு விடுகிற மத்தியானத்தில்தான் குழாயடிக்குப் போவாள். கூட்டமாக நின்றால் யாராவது பம்பாயைப் பற்றிக் கேட்பார்கள்.

பேச்சின் நடுவே அந்தத் தம்பி நேராக எதிரில் இருந்த சித்தியைப் பார்த்துக் கேட்டார்: "அக்கா, உங்க லைஃப்ல பீஸ் இருக்கா?"

சித்தி உற்சாகமாகச் சொன்னாள்: "இருக்கு தம்பி. நல்ல ஆர்டரு. தீவாளி வரைக்கும் பீஸுக்குப் பஞ்சமே இல்ல."

வாசல் அதிர்ந்தது. அப்பா அட்டையில் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கார அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். பாவம், அந்தத் தம்பிக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"அந்த பீஸ் இல்லக்கா" என்றார். "சமாதானம். மனசுல சமாதானம்."

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, சித்தி என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, அந்தத் துணிய எடுத்துட்டு வா."

நான் ஓடிப்போய்க் கரித்துணியை எடுத்து வந்தேன். கரியும் எண்ணெயுமாக இருந்தது. அதை விரித்துக் காட்டி, "தம்பி, இது எந்த பீஸு?" என்று கேட்டாள்.

"இது சமாதானம்தான்க்கா. கிறிஸ்துமஸுக்குப் போடுவாங்க."

சித்தி அதை மடியில் வைத்துத் தடவினாள். "இம்புட்டையும் நான்தான் தைக்கேன்" என்றாள். "பெட்டி பெட்டியா அனுப்புதேன். எனக்கு ஒண்ணுகூட இல்லையே தம்பி." பிறகு, கடையில் விலை விசாரிக்கிற அதே குரலில், "இது எங்க கிடைக்கும்?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பியும் நீட்டி முழக்கவில்லை. "வாங்க முடியாதுக்கா. ஆண்டவர்கிட்ட கேக்கத்தான் முடியும்" என்றார்.

கூட்டம் கலைந்தது. அட்டைகளை அடுக்கினோம். சித்தி மட்டும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிடப் போன நான் பின்னாலேயே நின்றுவிட்டேன். அவள் பேசிக்கொண்டிருந்தாள். கோயிலில் ஜெபிக்கிற பாஷை இல்லை அது, அம்மாவிடம் பேசுகிற பேச்சு.

"ஆண்டவரே, எனக்கு எதையும் வச்சிருக்கத் தெரியல. கையில வாங்குனதெல்லாம் போயிருது. நீராவது என்னைய வச்சுக்கிடும்."

பஞ்சு மிதந்து அவள் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் தட்டிவிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை சம்பளம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றேன். சித்தி கடைவீதிக்குப் புறப்படவில்லை. "நெத்திலி வாங்கியாந்திருக்கேன், ஆஞ்சு வைக்கேன்" என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். கவுனோடு தரையில் புரண்டேன். அவள் சிரித்தாளே தவிர எழுந்திருக்கவில்லை.

அம்மாவுக்குக் கலக்கம் பிடித்துவிட்டது. வளையல் கேட்கவில்லை, சினிமா கேட்கவில்லை, "வேண்டாம்க்கா, போதும்" என்கிறாளே! அந்தப் 'போதும்'தான் அம்மாவை மிரட்டியது. வெறுத்துப்போனவர்கள்தானே போதும் என்பார்கள்? "இவளுக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிட்டோ?" என்று அப்பாவிடம் கிசுகிசுத்தாள்.

அப்பா வழக்கம்போலச் சொன்னார்: "எல்லாம் செவ்வாக்கிழமை வரைக்கும்தான். பாத்துக்கிட்டே இரு."

பார்த்துக்கொண்டே இருந்தோம். செவ்வாய்க்கிழமை வந்தது. சித்தி வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டே வந்து கால் கழுவினாள். அடுத்த செவ்வாய்க்கிழமையும் அப்படியே. டி.வி.யைப் போடு என்று அவள் கேட்கவேயில்லை. நம்ப மாட்டீர்கள், அந்த அமைதியில் அப்பாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அம்மா அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நரம்புத் தளர்ச்சி என்று ஒரு சிவப்பு டானிக் எழுதிக் கொடுத்தார் அவர். சித்தி அதை எனக்கும் பாதி ஊற்றிக் கொடுத்தாள், இனிப்பாக இருந்தது. திரும்பி வந்தபோது வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றார்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைய எதுக்குங்க டாக்டர்கிட்ட கூட்டீட்டுப் போனீங்க? இத்தன நாளு நோவுல கெடந்துச்சு, இப்பத்தானுங்க எந்திரிச்சு நடக்குது."

"இல்லம்மா, ஒண்ணுமே வேண்டாம்னு சொல்லுதா" என்றாள் அம்மா.

"எங்கூட்டுக்காரரு செத்தப்ப நானும் தெனமும் சந்தைக்குப் போனனுங்க. ஊட்டுக்குத் திரும்பவே புடிக்காது. பாக்கறவிய என்ன சொன்னாங்க தெரியுங்களா? புருசன் போயும் இவ மினுக்கறான்னு." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு உள்ளே போய்விட்டார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. இன்னும் ஏதாவது ஆனால் தங்கையைத் தெற்கே ஊரில் இருக்கும் தங்கள் பெரியம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று முடிவுசெய்துவிட்டாள். "இங்க வச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?" அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தி இல்லாத அந்த ஒற்றை அறையை நினைத்து, ராத்திரி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன். ஆண்டவரே, சித்திக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை வரக்கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

வந்தது. ஊரிலிருந்து வேலை தேடி வந்த ஒருவர் டீக்கடையில் அப்பாவிடம் சொல்ல, அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "பம்பாயில அவனுக்கு ஆம்பளப் பிள்ளை பிறந்திருக்காம்." சித்தி வாசலில் நின்று கேட்டுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கும் எல்லாம் புரிந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. நீங்களெல்லாம் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தீர்கள். "பாவி, நாசமாப் போவ!" என்று அவனை ஏசினாள். மார்பில் அடித்துக்கொண்டாள். அம்மா உள்ளே வந்து, "வந்துட்டு, செவ்வாக்கிழமை வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டே பரணிலிருந்து சித்தியின் பையை இறக்கித் துணிகளைத் திணித்தாள். நான் பையின் காதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அப்போது பார்த்துக் குழாய் சீறியது. நல்ல தண்ணீர்! அழுகையாவது ஒன்றாவது, லைன் முழுக்கக் குடத்தோடு ஓடியது. சித்தியும் எழுந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எங்கள் குடத்தை வரிசையில் வைத்தாள், அத்தனை பெண்களுக்கு நடுவில். யாரும் எதுவும் கேட்கவில்லை. நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து இறக்கினாள். ஒரு சொம்பு மொண்டு நின்றபடியே குடித்தாள்.

"அக்கா, பசிக்கி. சோறு போடு" என்றாள்.

அம்மா பையும் கையுமாக நின்றாள். கரித்துணியைப் பிடித்துச் சட்டியை இறக்கிச் சித்தியே போட்டுக்கொண்டாள். நெத்திலிக் குழம்பு. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தட்டை வழித்துத் தின்றாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"அழுகை இன்னும் தீரலக்கா" என்றாள், விரலை நக்கிக்கொண்டே. "நாளைக்கும் அழுவேன். ஆனா உள்ள ஒண்ணு இருக்கு பாத்தியா, அது அசையல. நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. எனக்கே அதிசயமா இருக்கு."

அப்பா மெல்ல எழுந்து அவளுக்காக டி.வி.யைப் போடப் போனார். அந்த மனிதருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

"வேண்டாம் அத்தான், ஒறக்கம் வருது" என்றாள் சித்தி. பாயை விரித்தாள், படுத்தாள், தூங்கிவிட்டாள். அம்மா வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பையைப் பரணில் ஏற்றினாள்.

அருவிப் படத்தை நம்மில் யார் கழற்றினோம் என்று ஞாபகமில்லை. அந்தக் குருவிச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நாம்தான் உடைத்தோம். கரித்துணி நைந்து நைந்து எழுத்தெல்லாம் போய், பிறகு துணியும் போயிற்று. அந்த லைன் வீட்டையும் இடித்துவிட்டார்கள். சித்தி அதே வீரபாண்டியில் ஓர் ஓட்டு வீட்டில் இருக்கிறாள். கண் மங்கியதால் மிஷினை விட்டு இப்போது நூல் பிசிறு வெட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கே கோயிலில் இருப்பாள்.

நான் போன மாதம் புது வீடு கட்டிக் குடிபோனேன். நீங்களெல்லாம் வந்து வாழ்த்தினீர்கள், கிரானைட்டைத் தடவிப் பார்த்தீர்கள். ஆசைப்பட்டதெல்லாம் அதில் உண்டு, கூடத்தில் நிஜமாகவே தண்ணீர் வழிகிற ஒரு செயற்கை அருவிகூட. போன வாரம் ஒரு சாயங்காலம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எழுந்து விளக்குப் போடக்கூட மனசு வரவில்லை. போனை எடுத்துச் சித்தியைக் கூப்பிட்டேன்.

"புது வீடு எப்படிட்டி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு சித்தி" என்றேன். பிறகு, "செவ்வாக்கிழமை வந்துட்டு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. "இங்க வாயேம்ட்டி. நெத்திலிதான் வச்சிருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஜெபிப்போம்" என்றாள்.

"சித்தி, ஒங்களுக்கு அந்தச் செவ்வாக்கிழமை இன்னுமா வரல?"

"எனக்கா?" என்றாள். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து சொன்னாள். "நானும் இத்தன வருசமா வாசலப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் வரலட்டி."